முக்கால் டீ மேடம்

மேடம் முழு டம்ளர் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. பெங்களூர் ஹெப்பகோடியில் எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. மற்றவர்கள் ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி என்று நீட்டி முழக்குவார்கள். அவர் போய் நின்று "முக்கால்" என்பார். அவ்வளவுதான். கடைக்காரரும் டம்ளரின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்திக் கொடுப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"மீதி கால் டீ யாருக்கு மேடம்?"

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான்.

"அது விரலுக்கு, சேல்ஸ். விளிம்பு வரைக்கும் ஊத்தினா எங்க பிடிப்பீங்க?"

நான் அப்போது நிரம்பி வழிந்த டம்ளரைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் விற்பனைப் பிரிவு, அதனால் 'சேல்ஸ்'. ஆபீசில் எல்லோருக்கும் அவர் மேடம். டீக்கடைக்காரருக்கு 'முக்கா டீ மேடம்'. எனக்கு மனசுக்குள் ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்தான்.

எங்கள் கம்பெனி செடிகளுக்கு விளக்கு செய்கிற கம்பெனி. வெயிலே எட்டிப் பார்க்காத கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காகக் கீரையும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கிறார்களே, அந்தச் செடிகளின் தலைக்கு மேலே தொங்கும் எல்.இ.டி. போர்டுகள். அலுமினியத் தகட்டின் மேல் நூற்றுக்கணக்கான பொடி விளக்குகள். பெரும்பாலும் வெள்ளை, நடுநடுவே சிவப்பு. எந்த விளக்கு எங்கே உட்கார வேண்டும், எதற்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் மேடம். அதைப் போய் விற்பவன் நான். என் தொழில் கூட்டிச் சொல்வது, அவர் தொழில் குறைத்து வைப்பது. ஒத்துப்போகுமா? போதாக்குறைக்கு நான் ஆம்பூர்க்காரன். சாப்பாட்டிலேயே போதும் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றேதான். ஒரு எல்.இ.டி. தாங்கக்கூடிய கரண்டில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர் அதற்குள் அனுப்புவார். போட்டிக் கம்பெனிக்காரன் அதே விளக்கை முழு மூச்சில் எரியவிட்டு, பாதி எண்ணிக்கையில், பாதி விலையில் போர்டு போடுவான். வாடிக்கையாளர் இரண்டையும் என் மேஜைமேல் வைத்து, "உங்களது ஏன் சார் இவ்வளவு விலை?" என்பார்.

"முழுச் சம்பளம் வாங்குறவன அரை நாள் வேலைக்கு விடுறீங்க மேடம். அநியாயம் இது," என்று நான் போய்ப் புலம்புவேன்.

அவர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நான் முடித்துவிட்டேனா என்று உறுதி செய்துகொள்கிற மாதிரி ஒரு சும்மா.

"கரண்ட ரெண்டு மடங்கு ஆக்கினா வெளிச்சம் ரெண்டு மடங்கு வருமா, சேல்ஸ்? வராது. கொறைவாத்தான் வரும். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டுலயே அது சீக்கிரம் மங்கிப் போயிரும். உங்க கஸ்டமர் மூணாவது வருஷம் ஃபோன் பண்ணுவார். அப்ப நீங்க எடுக்க மாட்டீங்க."

எடுக்கத்தான் மாட்டேன். அதனால் அத்துடன் வாயை மூடிக்கொள்வேன்.

அந்தச் 'சும்மா'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிராளி பேசி முடித்த பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் அவர் தொடங்குவார். ஃபோனில் இது பெரிய கஷ்டம். லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ? ஹலோ மேடம்?" என்று கத்தாத வாடிக்கையாளரே கிடையாது. கத்திய பிறகு, "இன்னும் ஏதாவது சொல்லப் போறீங்களோன்னு பார்த்தேன்" என்பார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாதிப் பேர் உண்மையிலேயே இன்னும் ஏதோ சொல்வார்கள். கூரை ஒழுகுகிறது, ஜெனரேட்டர் போட்டதும் விளக்கு சிமிட்டுகிறது, மனைவிக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை என்று. அதில் இரண்டு விஷயம் அடுத்த டிசைனுக்குள் போய்விடும்.

ஸ்கூட்டரை நிறுத்தினால் பக்கத்தில் இன்னொரு வண்டி நுழைய இடம் விட்டுத்தான் நிறுத்துவார். அந்த இடத்தில் தினமும் நான்தான் என் வண்டியைச் செருகுவேன். டிபன் டப்பாவில் மூடியில் சாம்பார் படாது. காக்ஸ் டவுனில் அவர் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மதியம் எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். மேஜையைச் சுற்றி எண்ணிப் பார்த்தால் ஒரு நாற்காலி கூடுதல். யாருக்கு என்று கேட்டதற்கு, "தெரியாது. யாராவது வருவாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரோஸ் குக்கி என்கிற அச்சு முறுக்கை நான் கடித்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். அவரைக் கையைக் கழுவச் சொல்லி அந்த நாற்காலியில் உட்காரவைத்து, கேக்கும் ஒயினும் கொடுத்தார். ஒயினும் முக்கால்தான்.

போர்டின் ஓரங்களில் மட்டும் அவர் கணக்கு மாறும். நடுவில் விளக்குகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைப்பவர், நான்கு ஓரங்களிலும் நெருக்கி நெருக்கி வைப்பார். நான் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "நடுவுலதான மேடம் நெறைய வேணும்? பார்க்க அழகா இருக்கும்" என்றேன்.

"நடுவுல இருக்கற செடிக்கு நாலு பக்கத்துல இருந்தும் வெளிச்சம் வந்து சேரும். ஓரத்துல இருக்கறதுக்கு ஒரு பக்கம் இருட்டு. அதுக்குத்தான் ஜாஸ்தி குடுக்கணும்."

விளக்குகளை அவர் வரிசை வரிசையாகக் கோப்பார். ஒரு வரிசையில் ஒன்று அவிந்தால் அந்த வரிசையே இருண்டுவிடும், கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி. பவர் கொடுக்கும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். அது பிடிவாதக்காரன். எத்தனை வரிசை உயிரோடு இருந்தாலும் மொத்தமாக ஒரே அளவு கரண்டைத்தான் தள்ளும். ஒரு வரிசை படுத்துவிட்டால் அதன் பங்கும் மற்ற வரிசைகளின் தலையில் விழும். மற்றவர்களின் போர்டில் இப்படி ஒரு வரிசை போனால், சுமை தாங்காமல் அடுத்தது போகும், அதற்கடுத்ததும் போகும். அவருடைய போர்டில் போகாது.

"ஒருத்தர் லீவு போட்டா அவங்க வேலைய மத்தவங்கதான பார்க்கணும்? தெனமும் எல்லாரையும் பிழிஞ்சு எடுத்துட்டா அன்னிக்கு யாரு பார்ப்பாங்க?" என்பார்.

இந்த உதாரணத்தை அவர் எடுத்தது செல்வியின் வரிசையிலிருந்து. செல்வி எங்கள் அசெம்பிளி பிரிவின் லைன் லீடர். கிருஷ்ணகிரிப் பக்கம். ஏழெட்டுப் பெண்கள் அவள் சொன்னபடி போர்டுகளை முடித்து, வயர் வைத்து, எரியவிட்டுப் பார்த்து அனுப்புவார்கள். எவளாவது வராவிட்டால் அவள் இடத்தில் செல்வி உட்கார்ந்துவிடுவாள். அப்போது செல்வி காண்ட்ராக்டில் இருந்தாள். கணவர் வேலைக்குப் போவது அவர் மனநிலையைப் பொறுத்தது. மகள் ஹெப்பகோடியிலேயே எட்டாம் வகுப்பு. அடுத்த ஜனவரியில் செல்வியைப் பர்மனென்ட் ஆக்குவதாக ஓனர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது, டீக்கடைக்காரருக்கே தெரிந்திருந்தது.

அந்த வருஷம்தான் எங்களுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. தொம்மலூரில் பழைய அச்சகம் ஒன்றின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஒருவர் ஸ்ட்ராபெரி போட இருந்தார். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். போர்டுகளெல்லாம் முடிந்து, சோதித்து, பாஸ் ஆகி, பெட்டிக்குள் போகக் காத்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. மெஷின், கம்ப்யூட்டர், வண்டி, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எங்கள் ஓனர் மண்டியாக்காரர், நல்ல மனிதர், பக்தி ஜாஸ்தி. மகிழ்ச்சியாக இருந்தால் எங்களோடு தமிழில் பேசுவார். கோபம் வந்தால் கன்னடம் மட்டும்தான் வரும். அன்று தமிழ்.

"செல்வியம்மா, இது நம்ம ஃபர்ஸ்ட் பெரிய ஆர்டரு. ஒண்ணு விடாம எல்லா போர்டுக்கும் பூஜை பண்ணும்மா!"

செல்வி ஒன்று விடவில்லை. போர்டின் முகத்தில், நடுவில்கூட, ஒரு விரல் அளவுக்குக் காலி இடம் கிடையாது. அதனால் சரியாக நடுவில் இருந்த ஒரு சிவப்பு எல்.இ.டி. மேல், நெற்றியில் வைப்பது போல, சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். ஒவ்வொரு போர்டுக்கும். நான் பூசணிக்காய் உடைத்தேன். மேடம் வழக்கம்போல் வாசலருகே நின்று பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தார். எல்லோரையும் கும்பிட அழைத்தால், "நீங்க பண்ணுங்க, எனக்கு பொரி போதும்" என்பார். இரண்டு நாள் கழித்து பேக்கிங் பிரிவில் துணியால் துடைத்துப் பெட்டியில் போட்டார்கள். பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பரில் தொம்மலூர்க்காரர் எனக்கு ஃபோன் செய்தார். நான் எடுத்தேன்.

"சார், போர்டுக்கு நடுவுல ஒரு வரிசை இருட்டு. ஒரு போர்டு இல்ல, தெனம் ஒண்ணு ரெண்டுன்னு போயிட்டே இருக்கு. செடி இப்பதான் பூ வைக்குது. இப்ப லைட் போச்சுன்னா இந்த சீசன் எனக்கு போச்சு."

ஒரு நடை போய்ச் சில போர்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தோம். எல்லாவற்றிலும் அதே இடம்; நடுவில் இருந்த அந்தச் சிவப்பு விளக்கு பழுப்பேறிக் கருகியிருந்தது. மேடம் ஒரு போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். கருகல் வாடைக்கு அடியில் சந்தன வாசனை. விளக்கின் விளிம்பில், ஊசியால் கீறினால் வருகிற அளவுக்குச் சிவப்பு. பேக்கிங்கில் துடைத்தபோது பொட்டு மெல்லிய படலமாக மேலே பரவி, வெளிச்சத்தை வெளியே விடாமல் பிடித்து, அந்தச் சூட்டிலேயே விளக்கை வேகவைத்திருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. முதல்ல நான் செல்விகிட்ட பேசறேன்," என்றார்.

அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. மேஜைமேல் கிடந்த இன்னொரு போர்டை ஓனர் எடுத்துக்கொண்டு போய் அவரும் மோந்து பார்த்திருந்தார். அசெம்பிளி ஹாலின் நடுவில் நின்று கத்தினார்.

"யார்ரீ இது மாடித்து?"

கன்னடம். இதைச் செய்தது யார் என்று. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். செல்வி எழுந்து முன்னால் வந்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குங்குமம் சொல்லிவிட்டதே.

"நான்தான் சார் வெச்சேன். நெத்தி மாதிரி அதான் நடுவுல இருந்துச்சு, அங்க வெச்சேன். இப்டி ஆவும்னு தெரியாது சார்."

"நாளெயிந்த பரபேடம்மா," என்றார் ஓனர். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அர்த்தம். அங்கே இருந்தவர்களில் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆள் யாருமில்லை. செல்வி அழவில்லை. பக்கத்து மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஜனவரிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது: 'ஒண்ணு விடாம பண்ணச் சொன்னது நீங்கதானே சார்!' அது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓனருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் அதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவர் தன் வழக்கமான மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது எனக்கு ஒரு மணி நேரமாகத் தெரிந்தது.

"சார், அது டிசைன் தப்பு," என்றார்.

ஓனர் திரும்பினார். "என்னா டிசைன் தப்பு? போர்டு டெஸ்ட்ல பாஸ் ஆய்த்தல்லா!"

"போர்டு முழுக்க நான் எல்.இ.டி. அடுக்கி வெச்சிருக்கேன். ஒரு விரல் வைக்க எடமில்ல. பொட்டு வைக்கறவங்க எங்க வைப்பாங்க?"

"பொட்டுக்கெல்லாமா டிசைன் மாடுவாங்க?"

"காத்துல ஈரம் இருக்கும்னு மேல கோட்டிங் அடிக்கறோம். கரண்ட் திடீர்னு ஏறும்னு அதுக்கு ஒரு தடுப்பு வைக்கறோம். ஈரம் வரலாம், வராமயும் போலாம். ஆயுத பூஜை வருஷா வருஷம் வருது சார். வரும்னு தெரிஞ்சும் நான் அதுக்கு எடம் விடல. செல்வி வேலைல தப்பில்ல. டிசைன் என்னோடது."

ஓனர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து சிரிப்பு வருமா இன்னொரு கத்தல் வருமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் வரவில்லை.

"அப்படின்னா கஸ்டமருக்கு நீங்களே சொல்லுங்க, டிசைன் தப்புன்னு. உங்க பேர்ல."

"சரி சார்."

"ஆய்த்து பிடி," என்று போர்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். போகட்டும், விடு என்பது மாதிரி. செல்வி மேஜை விளிம்பிலிருந்து கையை எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

தொம்மலூருக்கு அவரும் நானும் போனோம். வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். "ஓனர்தான் வைக்கச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்? உங்க பேர் எதுக்குக் கெடணும்?"

சிக்னல் பச்சையாகி வண்டி நகர்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"எல்லார் முன்னாலயும் சொன்னா அவர் எப்படி எறங்கி வருவார், சேல்ஸ்? அவருக்கும் ஒரு வழி வேணுமில்ல?"

எனக்கு இது பிடிக்கவில்லை. இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் இப்படி வழிவிட்டுக்கொண்டே போனால் ஒருநாள் நிற்கிற இடமும் போய்விடாதா என்று எனக்கு அவர்மேல் கோபமும் பயமும் சேர்ந்தே வந்தது.

தொம்மலூர்க் கீழ்த்தளத்தில் படியிறங்கியதும் நான் முதலில் செடிகளைத்தான் பார்த்தேன். போர்டுகளுக்கு நடுவே கரிக்கோடு இழுத்த மாதிரி இருட்டு வரிசைகள். ஆனால் அவற்றுக்கு அடியிலும் பூக்கள் வெள்ளையாக விரிந்துதான் இருந்தன. மேடம் புறங்கையால் போர்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். சூடு பார்க்க அவருக்கு எப்போதும் புறங்கைதான். செத்துப்போன வரிசையின் பங்கை மற்ற வரிசைகள் எடுத்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தன. முழு மூச்சில் ஓட்டியிருந்தால் அவையும் ஒவ்வொன்றாகப் போய் அந்த இடமே இருண்டிருக்கும். பாதியில் ஓட்டியதால் தாங்கிக்கொண்டன. இதே விஷயத்துக்குத்தான் அவரோடு நான் அத்தனை முறை சண்டை போட்டிருந்தேன்.

"யார் மேடம் தப்பு பண்ணது?" என்று கேட்டார் ஸ்ட்ராபெரிக்காரர். கோபமாகத்தான் கேட்டார்.

"நான்தான். மாத்திக் குடுத்துடறோம். அதுவரைக்கும் செடிக்கு வெளிச்சம் போதும், பயப்படாதீங்க."

அவர் முணுமுணுத்தார். பிறகு முந்திக் காய்த்துப் பழுக்கத் தொடங்கியிருந்த ஒரு பழத்தைப் பறித்து மேடத்திடம் கொடுத்தார். அவர் அதைக் கடித்து மீதியை எனக்கு நீட்டினார். புளிப்பு.

ஜனவரியில் செல்வி பர்மனென்ட் ஆனாள். மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். அதே வாரம் ஒரு மதிய இடைவேளையில் மேடம் அவளைக் கூப்பிட்டு, கிண்ணத்தில் குங்குமத்தைக் குழைத்து வைத்து, மோதிர விரலால் வெள்ளைத் தாளில் பொட்டு வைக்கச் சொன்னார். ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. பிறகு பொட்டுகளின் குறுக்களவை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார்.

"என்ன மேடம், ரேகை ஜோசியமா?" என்றேன்.

"ஆமா. நல்ல ரேகை," என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஓனர் முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டார்: மெஷினுக்கு மட்டும்தான் பூஜை, போர்டுப் பக்கம் யாரும் தட்டைக் கொண்டுபோகக் கூடாது. செல்வி தட்டோடு மெஷின்களுக்கு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். போர்டுகள் இருந்த மேஜையைக் கடக்கும்போது தட்டைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டாள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தன் கையால் முடித்த போர்டுகளுக்குப் பக்கத்தில் போக அவள் பயந்தாள்.

வாசலருகே பொரி தின்றுகொண்டிருந்த மேடம் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பூஜைக்கு நடுவில் அவர் உள்ளே வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"செல்வி, இங்க வா."

புது டிசைன் போர்டு ஒன்று மேஜைமேல் இருந்தது. அதன் கீழ் மூலையில் மெல்லிய கோட்டில் ஒரு வட்டம் அச்சாகியிருந்தது. அதற்குள் விளக்கில்லை, அடியில் கரண்ட் ஓடும் பாதையும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"இங்க வை. ஒண்ணும் ஆகாது."

செல்வி ஓனரைப் பார்த்தாள். அவர் கிட்டே வந்து குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "ஹாக்கம்மா," என்றார். வைம்மா என்று. கன்னடம்தான், ஆனால் கோபமில்லை.

செல்வி விரலை நனைத்து வைத்தாள். அவசரமாக வைத்ததில் பொட்டு நடுவில் விழாமல் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்தது. இருந்தும் வட்டத்துக்குள்ளேயேதான் இருந்தது.

"அளவெடுத்துட்டு அப்பறம் எதுக்கு மேடம் இவ்ளோ பெரிசு?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவசரத்துல வைப்பாங்க, சேல்ஸ். கை தவறும். தவறினாலும் உள்ளதான விழணும்."

நான் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். பெங்களூராக இருந்தாலும் ஆபீஸ் ஆபீஸ்தானே. இன்னொரு பிடி பொரி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கம்பெனியை விட்டுப் போனது அதற்கு அடுத்த வருஷம். அவருக்கு மேலே டிசைன் தலைவராக ஒருவரை ஓனர் கொண்டுவந்தார். தொம்மலூர் விஷயம் மேடத்தின் பெயரில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் இன்றும் நம்புகிறேன். அவர் சண்டை போடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணை ஒன்றுக்கு விளக்கு வேலை என்று கிளம்பிவிட்டார். போகும் நாள் டீக்கடையில் நான்தான் கத்தினேன், கடைக்காரரே திரும்பிப் பார்க்கும்படி. அவர் முக்கால் டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு, "நீங்க கஸ்டமர் ஃபோன எடுங்க, அது போதும்," என்றார். இரண்டு மூன்று முறை கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்து பேசினேன். அப்புறம் விட்டுப்போயிற்று.

போன மாதம் புது டிசைன் பையன் என்னிடம் வந்தான். கெட்டிக்காரன், வேகமானவன். லேப்டாப்பில் போர்டின் படத்தைத் திறந்து கீழ் மூலையைச் சுட்டிக்காட்டினான்.

"சார், இந்த ரவுண்டு எதுக்குன்னே எங்க டிசைன் டீம்ல யாருக்கும் தெரியல. காலியா கெடக்கு. இதுல இன்னும் நாலு எல்.இ.டி. வைக்கலாம். உங்க பிரோஷர்ல நம்பர் ஏறும்."

மேடத்திடம் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் எனக்குக் கிடைக்காத பெரிய நம்பர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசெம்பிளி ஹாலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் அந்த ஹாலுக்கே சூப்பர்வைசர். யாரோ ஒருத்தி லீவு போலிருக்கிறது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் உட்காரப் போனாள்.

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். நானும் ஒரு மூச்சு விட்டுத்தான் பேசினேன்.

"அது காலி இல்லப்பா," என்றேன். "அங்க ஆள் இருக்கு."